சின்னத் தாத்தாவின் ஆல்பம்: காக்ஸ் பஜார், 1944

அம்மாவின் சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா. அவர் விட்டுச் சென்ற ஆல்பத்தில் 43 படங்கள் இருக்கின்றன. கருப்புத் தாள், மூலைக்கு மூலை ஒட்டும் முக்கோணம், இடையிடையே பட்டர் பேப்பர். நம் வயதுக்காரர்கள் வீடுகளில் கல்யாணப் படங்களை வைத்திருந்தோமே, அதே மாதிரி ஆல்பம்தான். இதில் கல்யாணம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப் படையின் 6-ஆம் எண் ஸ்குவாட்ரனில் அவர் இருந்தபோது எடுத்த படங்கள். பெரும்பாலானவை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றே ஒன்று மட்டும் ஐந்து அங்குலச் சதுரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஸ்குவாட்ரனைப் பற்றி. அது பிறந்தது நம் திருச்சியில். 1942 டிசம்பர் 1-ஆம் தேதி திருச்சி விமானத் தளத்தில் 6, 8 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களையும் தொடங்கினார்கள். திருச்சிக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டான். சென்னையே காலியானது. "எவாக்குவேஷன்" என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். தெற்கே தளங்கள் அவசர அவசரமாக வளர்ந்த காலம் அது.

6-ஆம் எண்ணுக்குத் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். லயால்பூர்க்காரர், அப்போது அவருக்கு வயது 27. எல்லோரும் "பாபா" என்றுதான் கூப்பிடுவார்களாம். விமானம் ஹரிக்கேன், ஓர் ஆள் ஓட்டுவது. 1940-ல் இங்கிலாந்தைக் காப்பாற்றிய விமானம் என்று பெயர் பெற்றது. ஆனால் 1943-க்குள் பழசாகிவிட்டது. ஜப்பானியச் சண்டை விமானங்கள் அதைவிட லாகவமாகத் திரும்பும்.

சின்னத் தாத்தா அப்போது திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடி. வயது இருபது. டார்க் ரூமில் ட்ரே கழுவுவதில் ஆரம்பித்து பிரிண்ட் போடும் வரை கற்றிருந்தார். விமானப் படையில் ஃபோட்டோகிராஃபர் என்று தனித் தொழில் பிரிவு இருப்பதும், அதற்குச் சம்பளம் ஸ்டூடியோ முதலாளி கொடுப்பதைவிடப் பல மடங்கு என்பதும் தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகஸ்ட் புரட்சி நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. என் தாத்தா, அதாவது அவருடைய அண்ணன், கதர் கட்டுகிறவர். "வெள்ளைக்காரன் சண்டைக்கு நீ எதுக்குடா?" என்று கேட்டவர், தம்பி திரும்பி வரும் வரை ஒரு கடிதம் போடவில்லை. அம்மாதான் ஸ்லேட்டில் எழுதிப் பழகிய கையால் சித்தப்பாவுக்குக் கார்டு எழுதுவாளாம்.

ஆல்பத்தின் முதல் ஏழு படங்கள் பயிற்சிக் காலத்தவை. எந்தப் படம் எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் விமானங்களின் பக்கவாட்டில் வட்டத்துக்குள் வட்டமாக ஓர் அடையாளம் இருக்கும். வெளியே நீலம், உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு. ஜப்பான் விமானங்களில் இருப்பதும் சிவப்பு வட்டம். சண்டைக்கு நடுவில் சிவப்பைக் கண்டதும் நம் ஆட்களே நம் விமானத்தைச் சுட்டுவிடக்கூடும். அதனால் 1943 வாக்கில் இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்புப் பொட்டை நீக்கினார்கள். கருப்பு வெள்ளைப் படத்திலும் இது தெரியும். வட்டத்தின் நடுவில் கருப்பாக ஒரு புள்ளி இருந்தால் முந்தையது, இல்லாவிட்டால் பிந்தையது. பின்பக்கம் தேதி எழுதாத படங்களை நான் இப்படித்தான் வரிசைப்படுத்தினேன்.

1943 நவம்பர் கடைசியில் ஸ்குவாட்ரன் காக்ஸ் பஜாருக்குப் போனது. இன்றைக்கு அது வங்காளதேசத்தில் இருக்கிறது. ரோஹிங்கியா அகதிகள் முகாம் என்று செய்தியில் அடிக்கடி வருமே, அதே ஊர். தெற்கே நாஃப் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பர்மாவின் அரக்கான். அங்கே மாயூ மலைத்தொடர், அதைச் சுற்றி ஜப்பானியப் படை. காட்டுக்குள் எதிரி எங்கே இருக்கிறான், எந்த ஓடையில் படகு கட்டியிருக்கிறான், எந்தப் பாலத்தைச் செப்பனிடுகிறான் என்று பார்த்துவந்து தரைப்படைக்குச் சொல்வதுதான் 6-ஆம் எண்ணின் வேலை. எப்போதும் ஜோடியாகப் போவார்கள். முன்னால் போகிறவர் தரையைப் பார்ப்பார், படம் எடுப்பார். பின்னால் வருகிறவர் வானத்தைப் பார்ப்பார். அந்தப் பின்னவர் கண் அசந்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

விமானத்தில் இருந்தது எஃப்.24 என்ற கேமரா. ஐந்து அங்குலச் சதுர நெகட்டிவ். ஒரு மேகசினில் 125 படம் எடுக்கலாம். இருபது அங்குல லென்ஸ் மாட்டிப் பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து நேர் கீழே எடுத்தால், ஆறாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதாவது அந்த ஐந்து அங்குலத் தாளுக்குள் 2500 அடி நிலம் அடங்கும், கிட்டத்தட்ட அரை மைல். மனிதன் ஊசிமுனைகூட இல்லை. ஆனால் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை வெள்ளைக் கோடாகத் தெரியும். நேற்று இல்லாத பாதை இன்று இருந்தால் அங்கே ஆள் வந்திருக்கிறான். அடுத்தடுத்த இரண்டு படங்களில் பாதிக்கு மேல் ஒரே இடம் வருகிற மாதிரி எடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோஸ்கோப் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலையும் மரமும் எழுந்து நிற்கும். "கோயில் கோபுரம் மாதிரி நிக்கும்டா" என்பார் சின்னத் தாத்தா. அதைச் சொல்லும்போது மட்டும் கைகள் தானாக மேலே போகும்.

அவருடைய வேலை விமானம் தரை இறங்கியதும் தொடங்கும். விமானி இறங்குவதற்கு முன்பே கேமராவிலிருந்து மேகசினைக் கழற்றிக்கொண்டு ஓட வேண்டும். டார்க் ரூம் ஒரு லாரிக்குள். வெளியே வெயில், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர். ஃபிலிம் கழுவும் மருந்து 20 டிகிரி சென்டிகிரேடில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. காக்ஸ் பஜாரில் குழாய்த் தண்ணீரே முப்பதுக்கு மேல். சூட்டில் ஃபிலிமின் ஜெலட்டின் இளகி, பால் ஆடை மாதிரி சுருங்கிக் கையோடு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் இரண்டு உயிர்களைப் பணயம் வைத்து எடுத்த படம் சாக்கடையில். ஐஸ் கிடைத்தால் ஐஸ். கிடைக்காத நாளில் ஜெலட்டினை இறுக்க மருந்தில் சேர்க்கிற உப்புகள், இரவு நேரம், ஈரச் சாக்கு. ஐஸ் லாரி வந்தால் ஆபீசர் மெஸ்ஸுக்கு முன்னால் ஃபோட்டோ செக்‌ஷனுக்குக் கொடுக்க வேண்டும் என்று மெஹர் சிங் உத்தரவு போட்டிருந்ததாகச் சின்னத் தாத்தா சொல்வார். இதற்கு அவர் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. ஆனால் மெஹர் சிங்கின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஐஸைச் சொல்லாமல் விடமாட்டார்.

கழுவி, காயவைத்து, கான்டாக்ட் பிரிண்ட் போட்டு, எண் எழுதி, தரைப்படைக்கு அனுப்ப வேண்டும். சில நாள் ஈரம் காயாத பிரிண்டுகளே போயிருக்கின்றன.

இந்த வேலையில் மிஞ்சிய மருந்திலும் தாளிலும் பிறந்ததுதான் நம் ஆல்பம். அவரிடம் ஒரு பாக்ஸ் கேமரா இருந்தது. சொந்தக் கேமரா கூடாது என்று உத்தரவு இருந்ததாம். "ஃபோட்டோ செக்‌ஷன்காரன்கிட்ட யாருடா கேமராவைப் பிடுங்குவான்? அவனவனுக்கு ஊருக்கு அனுப்ப படம் வேணுமே" என்று சிரிப்பார். அவசரத்தில் ஹைப்போ சரியாகக் கழுவாத பிரிண்டுகள் இப்போது பழுப்பேறிவிட்டன. அரசாங்கத்துக்குப் போட்ட அந்த ஐந்து அங்குலப் பிரிண்ட் மட்டும் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது.

படங்களில் என்ன இருக்கிறது? மூங்கில் தட்டிக் குடிசை முன்னால் கைலியோடு நாலு பேர் சீட்டாடுகிறார்கள். ஹரிக்கேனின் இறக்கை நிழலில் ஒருவர் தூங்குகிறார், மேலே இன்ஜின் மூடி திறந்தபடி. கடற்கரையில் வரிசையாக நின்று அலைக்கு முதுகைக் காட்டிக் குளிக்கிறார்கள். ஒரு சர்தார்ஜி தலைமுடியை வெயிலில் உலர்த்துகிறார். சவரம், துணி துவைத்தல், கடிதம் படித்தல். சண்டையின் படம் ஒன்றுகூடக் கிடையாது. தரையில் இருந்தவர்களுக்குப் போர் என்பது பிளக்கைக் கழற்றி மாட்டுவதும் காத்திருப்பதும்தான். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை தின்று எல்லோருக்கும் தோல் மஞ்சள் பூசியது போல இருந்ததாம். கருப்பு வெள்ளையில் அது தெரியவில்லை.

31-ஆவது படத்தின் பின்னால் பென்சிலில் "பொங்கல் 1944" என்று எழுதியிருக்கிறது. பெட்ரோல் டின்னை வெட்டிச் செய்த அடுப்பு, மேலே ஒரு டேக்சா, சுற்றி ஒன்பது பேர். ஆறு பேர் நம் பக்கத்து ஆட்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கோதுமை ரொட்டி தின்று நாக்குச் செத்துப் போயிருந்தவர்களுக்கு மெஸ்ஸில் பேசி அரிசியும் வெல்லமும் வாங்கிக் கொடுத்தது ஒரு வங்காளி கார்ப்பொரல். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.

இந்தப் படத்தைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதன் இடது ஓரத்தில், ஃபோகஸ் சரியில்லாத இடத்தில், இரண்டு சிறுவர்கள் நிற்கிறார்கள். ஒருவன் கையில் டப்பா. இடுப்பில் ஒரு துணி. வயிறு உப்பி, கால்கள் குச்சியாக இருக்கின்றன. சின்னத் தாத்தாவிடம் இதைப் பற்றிக் கேட்டது 1996-ல், அவர் இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு.

1943 வங்காளப் பஞ்சத்தின் ஆண்டு. பர்மா விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றது. நம் ஊரிலும் ரங்கூன் அரிசி தின்ற குடும்பங்கள் உண்டே, அந்த அரிசிதான். ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று 1942-லேயே வங்காளக் கடலோர மாவட்டங்களில் உபரி நெல்லை எடுத்துவிட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தார்கள், அல்லது உடைத்தார்கள். படகு இல்லாமல் அந்த நாட்டில் மீனும் இல்லை, சந்தையும் இல்லை. அக்டோபரில் மிதுனப்பூர் பக்கம் புயல் அடித்தது. விலை ஏறிக்கொண்டே போனது. கூலிக்காரன் வாங்க முடியாத உயரத்துக்குப் போனது. விசாரணைக் கமிஷனே இறந்தவர்கள் 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். ஸ்குவாட்ரன் சிட்டகாங் வழியாக முன்னால் போன நவம்பர் மாதம், சாவு உச்சத்தில் இருந்த நேரம்.

உலகத்துக்கு இது தெரிந்ததே படங்களால்தான். 1943 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை, ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸின் துணிச்சலால், தெருவில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டது. அதன் பிறகுதான் டில்லியும் லண்டனும் அசைந்தன.

"நீங்க ஏன் தாத்தா எடுக்கலை? உங்க கையில கேமரா இருந்துதே" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னதை அப்படியே தருகிறேன்: "சிட்டகாங் ஸ்டேஷன்ல இறங்கினப்போ பிளாட்பாரம் பூரா கிடந்தாங்க. தாண்டித் தாண்டித்தான் கிட் பேகைத் தூக்கிட்டுப் போனோம். எங்களுக்கு அரிசி வந்துது. அவங்களுக்கு வரலை. அதைப் படம் எடுத்து யாருக்குடா அனுப்பறது, உங்கம்மாவுக்கா?"

பொங்கல் அன்று அந்தச் சிறுவர்களுக்குப் போட்டார்களா என்று கேட்டேன். போட்டோம் என்றார். மறுநாள் நாற்பது பேர் வந்து நின்றார்களாம். அதற்குப் பிறகு மெஸ் பக்கம் வேலி போட்டுவிட்டார்கள்.

அவர் படம் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதை அவரிடம் சொல்லவில்லை. இருபத்தோரு வயதுப் பையனுக்குத் தணிக்கை அலுவலகத்தைத் தாண்டி எதையும் அனுப்ப வழி இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் பார்க்கத் தெரிந்த கண், ஒற்றையடிப் பாதையிலிருந்து ஒரு படையையே கண்டுபிடிக்கப் பழகிய கண், வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்த இரண்டு சிறுவர்கள் தற்செயலாக உள்ளே வந்தவர்கள்.

1944 பிப்ரவரியில் ஜப்பானியர் அரக்கானில் பெரிய தாக்குதலைத் தொடங்கினார்கள். 7-ஆவது இந்திய டிவிஷனைச் சுற்றி வளைத்தார்கள். சரித்திரப் புத்தகங்களில் "அட்மின் பாக்ஸ்" என்று வரும் சண்டை இது. வளைக்கப்பட்டவர்களுக்கு டகோட்டா விமானங்களிலிருந்து பாராசூட்டில் சாப்பாடும் குண்டும் போட்டு மூன்று வாரம் போல் தாக்குப் பிடித்தார்கள். 6-ஆம் எண் ஓயாமல் பறந்தது. அந்த மாதத்தில்தான் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஜே.சி. வர்மா தன் ஹரிக்கேனால் ஒரு ஜப்பானியச் சண்டை விமானத்தை வீழ்த்தி டி.எஃப்.சி. பதக்கம் பெற்றார். மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. கிடைத்தது. அந்தப் போரில் அந்தப் பதக்கம் பெற்ற ஒரே இந்திய விமானப் படை அதிகாரி அவர். 14-ஆவது ராணுவத்தின் தளபதி ஸ்லிம், பின்னாளில் எழுதிய தன் போர் நினைவு நூலில், எதிரியின் வலிமையான விமானங்களுக்கு நடுவே பழைய ஹரிக்கேன்களில் ஜோடி ஜோடியாகப் போய்வந்த இந்திய விமானிகளைப் பாராட்டியிருக்கிறார்.

போனவர்கள் எல்லோரும் வரவில்லை. ஜோடியாகப் போனதில் ஒன்று மட்டும் திரும்பிய நாட்களைச் சின்னத் தாத்தா விவரித்ததில்லை. ஒரே ஒரு முறை, பேச்சோடு பேச்சாக, "வந்தவனோட ஃபிலிமைக் கழுவித்தானே ஆகணும்" என்றார். அந்த ஐந்து அங்குலப் படம் அப்படி ஒரு நாளில் வந்தது என்று நினைக்கிறேன். ஓர் ஆறு, கரையோரம் அலையாத்திக் காடு, மூலையில் வெள்ளை மையில் எண். ராணுவ ரகசியம். அவர் வைத்திருக்கக் கூடாத பொருள். ஏன் எடுத்து வைத்துக்கொண்டார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

1944 ஜூனில் ஸ்குவாட்ரன் ஓய்வுக்காக வடமேற்கே திரும்பியது. 1946-ல் சின்னத் தாத்தா வெளியே வந்து, கையில் இருந்த பணத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்தார். எங்கள் குடும்பத்தின் எல்லாப் பாஸ்போர்ட் சைஸ் படங்களும் அவர் எடுத்தவைதான். தாத்தா அவரோடு பேச ஆரம்பித்தது சுதந்திரத்துக்குப் பிறகு.

கடைசிப் பக்கத்தில் இருப்பது குரூப் ஃபோட்டோ. ஃபோட்டோ செக்‌ஷன், எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்று பதினான்கு பேர். பின்னால் பென்சிலில் எல்லாப் பெயரும் ஊரும் இருக்கின்றன. திருச்சி, பாலக்காடு, பெஜவாடா, டாக்கா, ஜலந்தர், சியால்கோட், லாகூர். 1947-ல் நாட்டோடு விமானப் படையையும் பிரித்தார்கள். திருச்சியில் பிறந்த 6-ஆம் எண், அப்போது டகோட்டா விமானங்களுக்கு மாறியிருந்தது. அது பாகிஸ்தானின் பங்காகப் போனது. இன்றைக்கும் அங்கே அந்த எண்ணில் ஸ்குவாட்ரன் இருக்கிறது. இந்தியா 1951-ல் தனக்கென்று ஒரு 6-ஆம் எண்ணை மறுபடி உருவாக்கிக்கொண்டது. காஷ்மீர்ச் சண்டையில் லே-யில் முதல் டகோட்டாவை இறக்கியவர் பழைய 6-ஆம் எண்ணின் அதே மெஹர் சிங். மகாவீர் சக்ரம் பெற்றார். 1949 மார்ச்சில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டும் ஆல்பத்துக்குள் இருக்கிறது.

குரூப் ஃபோட்டோவில் இரண்டாவது வரிசையில் சின்னத் தாத்தாவின் தோளில் கை போட்டு நிற்பவர் லாகூர்க்காரர், டார்க் ரூம் கூட்டாளி. வருஷத்துக்கு ஒரு முறை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில்தான். அங்கே அவரும் ஸ்டூடியோ வைத்திருந்தார். பேப்பர் விலையும் பிள்ளைகள் படிப்பும்தான் கடிதத்தில் விஷயம். 1965 சண்டைக்குப் பிறகு கடிதம் வரவில்லை. சின்னத் தாத்தா கடைசியாக எழுதிய ஏர் மெயில் கவர், முகவரியாளருக்குச் சேர்க்க இயலவில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்து, ஆல்பத்தின் பின் அட்டைக்குள் செருகியிருக்கிறது. இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது.